சப்பரத்தில் யார்

ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்தபோது சிஸ்டர் தெக்லாவுக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். பத்தேகாலுக்கு ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேரையும் ஒவ்வொருவராக முன்னே போகச் சொன்னவள் அவளேதான். இந்த ஊர்க்காரர்களுக்குக் கன்னியாஸ்திரி என்றால் தனி மரியாதை. பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குப் பக்கத்துப் பெஞ்சில் சாம்பல் நிற அங்கியைப் பார்த்ததும் விசிறியை மடக்கிக்கொண்டு எழுந்து, மாவுனா நா போ கயோ, சிஸ்டர், நீங்கள் முந்திப் போங்கள் என்கிறார்கள். அவள் தலையை ஆட்டி, ஹின்தி போ, கயோ முனா, இல்லை, முதலில் நீங்கள் என்கிறாள். அவர்கள் முகம் மலர்கிறது. எவ்வளவு தாழ்ச்சி இந்த இந்திய சிஸ்டருக்கு என்று ஒரு கிழவி இன்னொருத்தியிடம் சொன்னதுகூட அவள் காதில் விழுந்தது, புரியவும் செய்தது. புரிந்ததில் ஒரு சின்னச் சந்தோஷம். தாழ்ச்சியாம். மடியில் துணிப்பை கனத்தது. பைக்குள் ஜெபப்புத்தகம், அதன் அடியில் ஒரு துண்டு, துண்டுக்குள், கூட வந்த சிஸ்டர் ஜெனோவாவின் நோட்டு. இல்லை என்பதற்கு இந்த ஊர்த் தகாலோக் மொழியில் ஹின்தி. வந்த முதல் நாள் விமான நிலையத்திலேயே அதைக் கேட்டுவிட்டு ஜெனோவா சிரித்த சிரிப்பு! “நம்மூர்ல ஹிந்தி வேண்டாம்னு தொண்டை கிழியக் கத்துறோம், இங்க ஹின்தின்னாலே வேண்டாம்தான் சிஸ்டர்.” தெக்லாவும் சிரித்தாள். மடத்துக்கு வந்து சேரும்வரை ஜன்னல் வழியாகத் தென்னைகளைப் பார்த்துக்கொண்டே, அது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அது ஜனவரி. அப்போதே தொடங்கிவிட்டதோ? ஒரு சிரிப்பிலிருந்தா? வேர் எங்கே என்று தோண்டத் தோண்ட மண்தான் சரிகிறது.

மேலே மின்விசிறி சுற்றியது, காற்று கீழே வரவில்லை. மார்ச் மாத வெயில் ஓடு வழியாக இறங்கி மெழுகின் வாசனையோடு கலந்து நின்றது. ஏரிப்பக்கத்துக் கதவு வழியாக மட்டும் அவ்வப்போது மீன் வாடையோடு கொஞ்சம் காற்று. இன்று மத்தியானம் மூன்று மணிக்கு மதர் கொன்சோலாவும் மொழி சொல்லிக்கொடுக்கும் மிஸ் லிகாயாவும் வரவேற்பறையில் உட்காருவார்கள். தெக்லாவையும் ஜெனோவாவையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேச வைப்பார்கள். யார் நன்றாகப் பேசுகிறாளோ அவள் ஈஸ்டர் முடிந்ததும் தீவுக்கு, மலைச்சாதிப் பிள்ளைகளின் பள்ளிக்கு. மற்றவள் ஜூனில் பாளையங்கோட்டைக்குத் திரும்ப வேண்டியதுதான். இடம் ஒன்று, ஆள் இரண்டு. அதை யாரும் ஒளிக்கவில்லை. பாளையங்கோட்டை என்றால் தெக்லாவுக்கு ஆசிரியர் அறையின் மூன்றாவது நாற்காலி, சாய்ந்தால் ஒரு பக்கம் இறங்கும் அதன் கால், இருபத்திரண்டு வருஷமாக ஜூலை மாதத்தில் வேற்றுமை, ஆகஸ்டில் செய்வினை செயப்பாட்டுவினை. நவகன்னியர் இல்லத்தில் இருக்கும்போதே தூரதேசம் போகவேண்டும் என்று எழுதிக் கொடுத்தவள். பதினோரு வருஷம் ஒவ்வொரு வருஷமும் எழுதிக் கொடுத்தாள். ஒவ்வொரு வருஷமும், நீங்கள் போய்விட்டால் பிளஸ் டூ தமிழை யார் பார்ப்பது என்றே பதில். நாற்பத்தேழு வயதில் ஒருவழியாகக் கப்பல் ஏறாமல் விமானம் ஏறினாள். கூட அனுப்பப்பட்டவள் இருபத்தேழு வயது ஜெனோவா. மணப்பாட்டுப் பக்கத்துப் பிள்ளை, அப்பா வள்ளத்தில் போகிறவர், நர்சிங் படிப்புப் படித்தவள், எழுவாய் எது பயனிலை எது என்று கேட்டால் கையைப் பிசைகிறவள். விமானத்தில் அவளுக்குப் பெல்ட் மாட்டிவிட்டது தெக்லா. பயப்படாதே, மொழி எல்லாம் இலக்கணம்தான், நான் சொல்லித் தருகிறேன் என்று சொன்னதும் தெக்லா. அந்த வாக்கியம் இப்போது நினைவுக்கு வரும்போதெல்லாம் காது சுடுகிறது.

ஏனென்றால் அவளுக்கு வரவில்லை. சொற்கள் வந்தன, கூட்டம் கூட்டமாக வந்தன, சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபம்கூட வந்தது, வினை வரவில்லை. இந்த மொழியில் வினைதான் முதலில் நிற்கிறது. வாங்குதல் என்பதற்கு வேர் பிலி. நான் சந்தையில் நேனாவுக்கு மீன் வாங்கினேன் என்று சொல்லவேண்டுமென்றால் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும், இந்த வாக்கியம் யாரைப் பற்றியது என்று. என்னைப் பற்றி என்றால் புமிலி. மீனைப் பற்றி என்றால் பினிலி. நேனாவுக்காக என்பதுதான் முக்கியமென்றால் இபினிலி. செய்த காரியம் ஒன்று, மீன் ஒன்று, அதன் கண்கூட அப்படியே விழித்துக்கொண்டு கிடக்கிறது, ஆனால் வினைக்கு முன்னாலும் நடுவிலும் பின்னாலும் ஏதோ ஓர் எழுத்து ஒட்டி ஆளை மாற்றிவிடுகிறது. தெக்லா நான்கு தாள்களை ஒட்டி ஓர் அட்டவணை போட்டாள். முன்னொட்டு, உள்ளொட்டு, பின்னொட்டு. கருத்தாக் குவியம், செயப்படுபொருட் குவியம் என்று தானே பெயர்கள் உண்டாக்கினாள். அழகான அட்டவணை. பார்த்துப் பார்த்துப் படித்தாள். பேசும்போது மட்டும், வாயைத் திறந்து அட்டவணையில் கட்டம் தேடுவதற்குள் எதிரில் இருப்பவர் புன்னகையோடு வேறு பக்கம் திரும்பிவிடுகிறார். பிப்ரவரியில் ஒரு நாள் வகுப்பில் மிஸ் லிகாயா, இது உங்களுக்கு எப்படிப் புரிகிறது, உங்கள் சொந்த வழியில் சொல்லுங்கள் என்றார். தெக்லா அட்டவணையை விரித்தாள். மிஸ் லிகாயா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மிகவும் மரியாதையாகப் பார்த்தார். அப்புறம் ஜெனோவா, தப்பும் தவறுமான தகாலோகில், கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்: எங்கள் ஊரில் கோயில் திருவிழா, சப்பரம் வரும், முன்னால் மேளம் போகும். மாதா வந்தால் ஓர் அடி, அந்தோனியார் வந்தால் வேறோர் அடி. நான் வீட்டுக்குள்ளே மீன் கழுவிக்கொண்டிருப்பேன். மேளத்தைக் கேட்டதும் தெரிந்துவிடும், இன்றைக்குச் சப்பரத்தில் யார் என்று. இங்கே வினைதான் மேளம். மிஸ் லிகாயா எழுந்து நின்று கை தட்டினார். முப்பது வருஷம் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன், மேளத்தை நான் கேட்டதே இல்லை என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. தெக்லாவும் கை தட்டினாள். தட்டும்போது உள்ளங்கைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்வது போல இருந்தது. சப்பரம் அவளுக்கும் தெரியாதா? வடக்கன்குளத்தில் எத்தனை சப்பரத்தின் பின்னால் செருப்பில்லாமல் நடந்திருக்கிறாள். சின்ன வயதில் கவிதை எழுதி நோட்டு நோட்டாக வைத்திருந்தவள் அவள். உவமை அவளுக்கு வந்திருக்க வேண்டும். அவளிடமிருந்து எடுத்து, வீடு மாறிப் போய், மீன் கழுவுகிறவளிடம் கொடுத்துவிட்டாரே ஆண்டவர்.

விசிறியோடு ஒரு பெண் வந்தாள், இடுப்பில் குழந்தை. கயோ முனா என்றாள் தெக்லா. கூண்டுக்குள்ளிருந்து ஃபாதர் அமாண்டோவின் இருமல் கேட்டது. அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும், ஆங்கிலத்தில் சொன்னாலும் கேட்டுக்கொள்வார். ஆனால் ஆங்கிலத்தில் சொன்னால் பாவம் கொஞ்சம் தள்ளி நிற்கும், இஸ்திரி போட்ட சட்டையோடு. அதோடு மதர் கொன்சோலா ஈஸ்டர் வரை மடத்தில் ஆங்கிலமே கூடாது என்றிருக்கிறார்; பாவசங்கீர்த்தனத்துக்கு அது பொருந்தாது என்று அவரே சொல்லியும் தெக்லா, இல்லை, அதையும் தகாலோகிலேயே செய்கிறேன் என்று பெருமையடித்திருக்கிறாள். ஆகவே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறாமைக்கு இங்கே இரண்டு சொல். இங்கித் என்றால் அடுத்தவளிடம் இருப்பது என்னிடம் இல்லையே என்பது. செலோஸ் என்றால் என்னிடம் இருப்பதை அடுத்தவள் கொண்டுபோய்விடுவாளோ என்பது. இதில் எது அவளுடையது? தீவு யாருடையது? இரண்டும்தான். ஒரே உலையில் இரண்டு அரிசி. முதலாவதற்கு நா ஒட்டி நாஇங்கித் என்கிறார்கள், காய்ச்சல் மாதிரி தானாக வந்து பிடித்துக்கொள்வது. இரண்டாவதற்கு நாக் ஒட்டுகிறது, சமைப்பது துவைப்பது போல ஆள் முனைந்து செய்வது. தமிழில் அந்த வசதி இல்லை. பொறாமை, பொறுக்க முடியாமை. எது எவரால் என்றெல்லாம் இல்லை, முதுகில் ஒரு மூட்டை, பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான். அப்புறம் அடுத்த வாக்கியம். எடுத்தேன் என்பதற்கு வேர் குஹா. குமுஹா ஆகோ நாங் குவாதெர்னோ. என்னைச் சப்பரத்தில் ஏற்றிச் சொல்கிறேன், ஒரு நோட்டை எடுத்தேன். கேட்பவருக்கு, கடையில் அடுக்கியிருப்பதில் ஏதோ ஒரு நோட்டை எடுத்தது போலிருக்கும். இன்னாருடைய இந்த நோட்டு என்று சொல்லவேண்டுமென்றால் நோட்டையே மேலே ஏற்றியாக வேண்டும்: கினுஹா. நகுஹா என்றும் ஒன்று இருக்கிறது. கைக்குக் கிடைத்துவிட்டது, அகப்பட்டுவிட்டது. அது எவ்வளவு இதமாக இருக்கிறது, நகுஹா, வெந்நீர் ஒத்தடம் போல. அதைத்தான் ஒரு மணி நேரமாக நாக்கு தடவிக்கொண்டிருந்தது.

ஆனால் அகப்படவில்லை. வியாழக்கிழமை காலை காப்பி குடித்த பிறகு சாப்பாட்டறை ஜன்னல் விளிம்பில் அது இருந்தது. எண்ணெய்க் கறை படிந்த பச்சை அட்டை. யாரும் இல்லை. சும்மா பார்க்கத்தான் திறந்தாள். பக்கத்துக்குப் பக்கம் படம். ஒவ்வொரு வினைக்கும் ஒரு சப்பரம், மேலே உட்கார்ந்திருப்பது ஒரு பக்கத்தில் குடை பிடித்த பெண், ஒரு பக்கத்தில் மீன், ஒரு பக்கத்தில் சந்தை முழுவதுமே, தூக்குகிறவர்கள் கால் வளைந்து நாக்கைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். தெக்லாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மூடி, அங்கியின் பைக்குள் வைத்து, மாடிப்படி ஏறி, தலையணைக்குக் கீழே வைத்தாள். படிகளை எண்ணியதுகூட நினைவிருக்கிறது, பதினாறு. அன்று சாயங்காலம் ஜெனோவா எல்லா அறையிலும் தேடினாள். குப்பைக்கூடையைக் கொட்டிப் பார்த்தாள். அழவில்லை, மூக்கு மட்டும் சிவந்திருந்தது. சமையற்கட்டில் உதவும் அலிங் புரிங், யாராவது பழைய பேப்பரோடு போட்டிருப்பார்கள் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். இராச்சாப்பாட்டுக்கு முன்னால் மதர், காணாமற்போனதைக் கண்டெடுத்துத் தருகிறவர் பதுவை அந்தோனியார், இவள் ஊரிலும் அவர்தானாமே, தெக்லா, நீயே உங்கள் பாஷையில் ஜெபம் சொல் என்றார். தெக்லா எழுந்து நின்று சொன்னாள். பிசிறில்லாமல், முழுசாக, கடைசி ஆமென் வரை. குரல் நன்றாகவே இருந்தது. அவள் குரல் எப்போதுமே நன்றாக இருக்கும் என்று பிஷப்பே சொல்லியிருக்கிறார். ஜெனோவா ஜெபம் முடிந்ததும், நோட்டு கிடைக்கிறவரை உப்பு சேர்ப்பதில்லை என்று நேர்ந்துகொண்டாள். மூன்று நாளாக உப்பில்லாத சோறு, உப்பில்லாத மீன். கடற்கரைப் பிள்ளை உப்பில்லாத மீனை விழுங்குவதை எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது. தெக்லா தன் தட்டில் உப்பு குறைவு என்றுகூட ஒரு முறை சொன்னாள், வேறு பேச்சு ஏதும் தோன்றாமல்.

திருப்பி வைத்திருக்கலாம். வெள்ளிக்கிழமை காலையிலேயே, ஜன்னலில் இல்லாவிட்டால் அலமாரிக்குப் பின்னால், விழுந்து கிடந்தது போல. அதற்குத்தான் வியாழன் இரவு தலையணைக்குக் கீழிருந்து எடுத்தாள். எடுத்தவள் கடைசியாக ஒரு தரம் பார்ப்போமே என்று முதல் பக்கத்திலிருந்து படித்தாள். நான்காம் பக்கத்தில் ஒரு பிழை. கையில் சிவப்புப் பேனா எப்படி வந்தது என்றே தெரியாது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கையே போய் எடுத்திருக்கிறது. சுழித்தாள், மேலே சரியானதை எழுதினாள். ஏழாம் பக்கத்தில் இரண்டு பிழை. பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு படத்துக்குக் கீழே அம்பு போட்டுச் சின்னதாக விளக்கம். சந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற அந்தப் படத்தருகில் ஒரு சரி போட்டு ‘நன்று’ என்று எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். நிமிர்ந்தபோது தெரிந்தது, இனி அந்த நோட்டை எங்கே கொண்டுபோய்ப் போட்டாலும் அதில் யார் கை என்று மடம் முழுக்கச் சொல்லிவிடும். அந்த ‘ன்’னின் வாலை ஆயிரம் பிள்ளைகள் அடையாளம் சொல்வார்கள். எரிக்கவேண்டும், அல்லது கையில் கொடுக்கவேண்டும். எரிக்கத்தான் நேற்று தீப்பெட்டியோடு தோட்டத்துப் பக்கம் போனாள். பப்பாளிமரத்தடியில் நின்று ஒரு குச்சியைக் கிழித்து, அது அணையும்வரை பார்த்துவிட்டு வந்தாள். படங்கள் அவ்வளவு நன்றாக இருந்தன. அது இரக்கமில்லை என்று அவளுக்கே தெரியும். அதை எரித்தால் அது இருந்ததை அறிந்தவள் தான் ஒருத்தியாகிப் போவாள், அந்தத் தனிமையை நினைத்துத்தான் கை வரவில்லை.

பதினொன்றரை ஆனபோது அவளுக்கு முன்னால் ஒரே ஒருவர் இருந்தார், ஜீப்னி வண்டி ஓட்டுகிற ஒரு பெரியவர், தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு. பின்னால் யாரும் வரவில்லை. முந்திப் போகச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. அப்போதுதான் செருப்புச் சத்தம் கேட்டது, யாருடையது என்று திரும்பாமலே தெரிந்தது. ஜெனோவா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். உதடு வெளிறியிருந்தது. துண்டும் பையும் ஜெபப்புத்தகமும் மீறி நோட்டின் மூலை தெக்லாவின் தொடையில் குத்தியது. நீ போ முதலில் என்று தெக்லா பழக்கத்தில் சொன்னாள். தான் பாவசங்கீர்த்தனத்துக்கு வரவில்லை என்றாள் ஜெனோவா. மதர் வந்துவிட்டாராம், சாப்பிடக் கூப்பிடச் சொன்னாராம். எழுந்து போகவில்லை. ஜெபமாலையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“சிஸ்டர், உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லட்டா? மூணு மணிக்கு நான் பேசப் போறதில்ல.”

உடம்பு சரியில்லையா என்று கேட்டாள் தெக்லா. அதெல்லாம் இல்லையாம். நேர்ந்துகொண்டபோது வெளியே உப்பு மட்டும்தான் சொன்னாளாம்; மனசுக்குள் இன்னொன்றும் நேர்ந்துகொண்டாளாம். சனிக்கிழமை மூன்று மணிக்குள் நோட்டு கிடைத்தால் தீவுக்குப் போவது ஆண்டவர் சித்தம், கிடைக்காவிட்டால் அங்கே போகவேண்டியவள் தானில்லை.

“அந்தோனியார் ஊசி தொலைஞ்சாக்கூட எடுத்துக் குடுப்பாரு. எங்க வலை போயி கொளச்சல்ல கெடச்சிருக்கு. ஒரு நோட்டுக் குடுக்க மாட்டாராக்கும்? குடுக்கலன்னா வேணாங்காருன்னு அர்த்தம். நீங்க எத்தன வருசமாக் கேட்டுட்டு இருக்கீங்கன்னு அவருக்குந் தெரியும்லா. மதர்ட்ட சொல்லிருதேன், சிஸ்டரே போட்டும்னு.”

சொல்லிவிட்டுச் சிரிக்க முயன்றாள், கன்னம் ஒரு பக்கம் மட்டும் இசைந்தது. எழுந்து நான்கு பெஞ்சு தள்ளிப் போய் முழந்தாளிட்டாள், பீடத்தின் பக்கவாட்டில் இருந்த அந்தோனியார் சுரூபத்துக்கு எதிரே. தெக்லாவுக்குத் தீவு தெரிந்தது. இதுவரை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை, ஆனாலும் தெரிந்தது, படகுத்துறை, செம்மண் ஏற்றம், நனைந்த சீருடையில் பிள்ளைகள். ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மணி வரை வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், கடிகாரமே எல்லாவற்றையும் செய்துவிடும். அவளாகத்தானே விட்டுக்கொடுக்கிறாள். ஆனால் என்ன ஒரு விட்டுக்கொடுத்தல்! நெஞ்சுக்குள் பழையது மறுபடி கொதித்தது, இந்த முறை வேறு இடத்திலிருந்து. உவமையும் அவளுக்கு, படமும் அவளுக்கு, சந்தையில் பேசிச் சிரிக்கும் பெண்களும் அவளுக்கு, இப்போது தியாகமும் அவளுக்கேவா? பதினோரு வருஷம் எழுதிக் கேட்டதை இவள் மூன்று நாளில் தூக்கி, இந்தாங்க சிஸ்டர் என்று பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பது போலக் கொடுத்துவிட்டு, அங்கே முழந்தாளிட்டிருக்கிறாள், முதுகு எவ்வளவு நேராக இருக்கிறது பார். அப்படி வாங்கிக்கொண்டு தீவில் இறங்கினால் அந்தத் தீவில் காலை முதல் மாலை வரை யாருடைய பெயரைச் சொல்லிக்கொண்டு நடப்பாள்? ஒவ்வொரு பிள்ளையும் வாயைத் திறக்கும்போது மேளம் கேட்குமே. சந்தை தூக்குகிறவர்கள் நாக்கைத் தள்ளுவார்களே. தன் நல்ல மனசினால் அல்ல, அது ஒரு சொட்டும் இல்லை, இவளிடம் ஒன்றை வாங்கிக்கொண்டு வாழ முடியாது என்ற வெறியினால்தான் தெக்லா எழுந்தாள். ஜீப்னிக்காரர் கூண்டை விட்டு வெளியே வந்து தொப்பியைத் தலையில் வைத்தார்.

உள்ளே வியர்வையும் பழைய மரமும் மணத்தன. சிலுவை போட்டாள். நாஇங்கித் என்று ஆரம்பித்து, நிறுத்தி, அதை விட்டுவிட்டாள். ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை. கினுஹா கோ போ, என்றாள், எடுத்தேன் சுவாமி, சிஸ்டர் ஜெனோவாவின் நோட்டை. தேர்வில் அவள் தோற்கவேண்டும் என்று எடுத்தேன். கிடைக்கவேண்டும் என்று அந்தோனியாருக்கு ஜெபமும் சொன்னேன், எல்லாருக்கும் முன்னால். தப்பான எழுத்துகள் எங்கெங்கோ ஒட்டின. ஃபாதர் அமாண்டோ திருத்தவில்லை. இருமினார். நோட்டு இப்போது எங்கே என்று கேட்டார். பையில் என்றாள். அந்தச் சிஸ்டர் எங்கே? வெளியே, நான்காவது பெஞ்சில். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று தலை குனிந்தாள். போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன், எனக்கு இன்னும் பசிக்கவில்லை என்றார்.

நான்கு பெஞ்சு தூரம். ஜெனோவா கண்ணை மூடியிருந்தாள். தெக்லா துண்டைப் பிரித்து நோட்டை அவளுக்கு முன்னால் பலகையில் வைத்தாள். ஜெனோவா கண்ணைத் திறந்தாள். இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு அணைத்தாள், சுரூபத்தைப் பார்த்தாள், தெக்லாவைப் பார்த்தாள், கண் நிறைந்து வழிந்தது. கெடச்சிட்டா சிஸ்டர், நீங்களா தேடி எடுத்தீங்க, காலைலேர்ந்து இதுக்கா அலஞ்சீங்க என்று ஒன்றின்மேல் ஒன்றாகக் கேட்டுக்கொண்டு தெக்லாவின் கையைப் பிடித்து முத்தமிட்டாள். உப்பு. அந்தக் கண்ணீர் புறங்கையில் சுட்டது. ஆமாம் என்று ஒரு தலையாட்டல். இவ்வளவு தூரம் வந்த பிறகும் அதுதான் முதலில் வந்தது, தலை ஆடவே தொடங்கிவிட்டது.

“எங்க சிஸ்டர் கெடந்திச்சு?”

“என் தலையணைக்குக் கீழே. வியாழக்கிழமை நான்தான் எடுத்து வைத்தேன்.”

ஜெனோவா கையை விடவில்லை, விடவேண்டும் என்று தோன்றாதவள் போல. அப்புறம் நோட்டைத் திறந்தாள். சிவப்பு மையைப் பார்த்தாள், ஒரு பக்கம், இன்னொரு பக்கம். சந்தைப் படத்தில் வெகுநேரம் நின்றாள். அவள் முகத்திலிருந்து அந்தப் பிள்ளைத்தனம், தெக்லாவுக்கு அவ்வளவு எரிச்சலூட்டிய அது, வடிந்து போவதைக் கண்ணெதிரே பார்க்க முடிந்தது. இருபத்தேழு வயதுப் பெண் ஒருத்தி அங்கே இருந்தாள், அவ்வளவு அழகில்லாமல், கோபமாக.

“அன்னைக்கு ஜெபம் சொன்னது நீங்கதான?”

தெக்லா ஆமாம் என்றாள்.

“நான் கண்ண மூடிக்கிட்டு உங்க குரலத்தான் புடிச்சுக்கிட்டு இருந்தேன்.” எழுந்தாள். நோட்டைப் பக்கவாட்டில் இடுக்கிக்கொண்டாள். “மதர்ட்ட நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க. மூணு மணிக்கு நான் பேசுவேன்.” சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சேர்த்துச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், ஏரிப்பக்கத்துக் கதவு வழியாக வெளியேறினாள். செருப்புச் சத்தம் கல்லில் வேகமாகப் போயிற்று, ஓடவில்லை.

தெக்லா திரும்பி வந்து முழந்தாளிட்டபோது ஃபாதர் அமாண்டோ மெதுவாக மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். கொடுத்தாயிற்றா என்று கேட்டார். கொடுத்துவிட்டேன். அவள் மன்னித்தாளா? இல்லை. அது அவளுடைய காரியம், அவளுக்கு நேரம் வேண்டும் என்றார். பிறகு மரச் சட்டத்துக்கு அருகில் நெருங்கி உட்கார்ந்த சத்தம் கேட்டது.

“இப்போதும் அவள்மேல் பொறாமை இருக்கிறதா, சிஸ்டர்?”

இல்லை என்று சொல்ல இரண்டே அசை. அவள் தேடிப் பார்த்தாள். அந்தப் பெண் கதவைத் தாண்டிப் போன விதம், கோபப்படக்கூட எவ்வளவு சொற்கள் குறைவாகத் தேவைப்பட்டன அவளுக்கு.

“ஓபோ,” என்றாள். ஆமாம், சுவாமி.

“சரி. அடுத்த சனிக்கிழமையும் வாருங்கள்.”

அவர் ஆசீர் சொல்லத் தொடங்கினார். வருகிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள். அடுத்த சனிக்கிழமையும், அதற்கடுத்ததும், ஈஸ்டர் கழிந்து ஜூன் வரைக்கும் எத்தனை சனிக்கிழமை வரும் என்று மனம் தானாகவே கணக்குப் போடத் தொடங்கிய பிறகுதான், மூன்று மணிக்கு யார் எதைப் பேசினாலும் படகு ஏறப்போகிறவள் தானில்லை என்பது அவளுக்குள் இறங்கியது. நெற்றியைச் சட்டத்தில் சாய்த்துக்கொண்டாள். ஃபாதர் முடித்து, அவளுடைய ஆமெனுக்காகக் காத்திருந்தார்.